தம்பிதுரை வளைவு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்லும் இடம் தெரியும். அட்டகட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாயம். அரசாங்கம் அதற்கு ஒரு எண் கொடுத்துப் பலகையும் நட்டிருக்கிறது. எங்கள் டிப்போவில் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை, 'தம்பிதுரை வளைவு' என்றுதான் சொல்வோம். உயிரோடு இருக்கிற மனிதனின் பெயரைத் தூக்கி ஒரு வளைவுக்கு வைத்தால் அவன் கதி என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. கைதட்டத்தான் எங்களுக்குத் தெரியும்.

நான் ரசாக். அந்த ரூட்டில் கண்டக்டர். தம்பிதுரை அண்ணன் டிரைவர். ஒரே பஸ்ஸில் வருடக்கணக்காக ஓடினால் டிரைவரும் கண்டக்டரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆகிவிடுவார்கள் என்பார்கள். அப்படிப் பார்த்தால் வாயாடிப் பெண்டாட்டி நான்தான். அவர் பேசமாட்டார். நெகமம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். வாடல் நோய் வந்து பாதி மரம் மொட்டையாக நின்றபோது, மீதித் தோப்பை அண்ணன்காரரிடம் விட்டுவிட்டு இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். சின்ன வயதில் தேங்காய் மூட்டை தூக்கும்போது அவருடைய அப்பா பக்கத்தில் நின்று "தம் கட்டுடா, தம் கட்டு" என்று கத்துவாராம். மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டால் எவ்வளவு பாரத்தையும் தூக்கலாம் என்பது அந்த வீட்டின் வேதம். அதைத்தான் இவர் வாழ்க்கை முழுக்கச் செய்தார். டபுள் டூட்டி பார்க்கிறீர்களா என்று கேட்டாலும், லீவு இல்லை என்று சொன்னாலும் ஒரே பதில்தான்: "பாத்துக்கலாங்க." எங்கள் பக்கத்து மரியாதையில் 'முடியாது' என்ற சொல்லே கிடையாது. அதைச் சொல்வதற்குப் பதில் செத்துப்போவோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குப் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊதவேண்டும். விசில் கேட்டுக்கொண்டே இருந்தால் பஸ் பின்னால் வரும். நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும். எங்கள் இரண்டு பேருக்குள் அதுதான் சட்டம்.

மூன்று வருடத்துக்கு முன் ஆடிச் சாரலில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும். சுற்றுலா வந்த ஒரு ஜீப்காரனுக்கு அது தெரியவில்லை. வளைவின் நடுவில் எங்கள் மூக்கோடு மூக்காக வந்து நின்றான். பின்னால் போப்பா என்றால், இந்த ரோட்டில் அவனுக்கு ரிவர்ஸ் எடுக்க வராதாம். நான் அவனை நாலு வார்த்தை கேட்டேன். அண்ணன் என்னை அடக்கினார். "உடுங்க ரசாக்கு, பாத்துக்கலாங்க" என்று எங்கள் பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்.

நான் இறங்கி நின்று ஊதினேன். ரோட்டு ஓரம் கெட்டியாகத்தான் இருந்தது. காலால் மிதித்தும் பார்த்தேன். ஆனால் சக்கரம் ஏறியதும் மழையில் ஊறிக் கிடந்த மண் அடியோடு சரிந்தது. என் கைக்கெட்டும் தூரத்தில் பஸ்ஸின் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றியது.

ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின் சக்கரமே அந்தரத்தில் தொங்கும்போது அதனால் என்ன பயன்? அந்தப் பஸ்ஸை மலையில் நிறுத்தி வைத்திருந்தது பிரேக்கை மிதித்திருந்த அண்ணனின் வலது கால்தான். ஒவ்வொருவராக முன்படி வழியாக இறக்கினோம். கடைசியாக மிஞ்சியது கிருபாவதி அம்மா. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், வாராவாரம் எங்கள் பஸ்ஸில் வருகிறவர். படியில் கால் வைத்தவர், "ஐயோ, என் பை" என்று திரும்பி உள்ளே போனார். பஸ் ஆடியது. வெளியில் நின்ற அத்தனை பேரும் அலறினோம். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா பையோடு இறங்கியபிறகும், தேயிலை லாரிக்காரர்கள் வந்து சங்கிலி போட்டுக் கட்டும்வரை அவர் காலை எடுக்கவில்லை. "மனுசன் மூச்சே உடலீங்க" என்று ஒரு லாரிக்காரர் ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் என்ன? சங்கத்தில் ஒரு பொன்னாடை, ஊர்க் கோயில் கமிட்டியில் ஒரு பொன்னாடை, பேப்பரில் போட்டோ, வளைவுக்குப் பெயர். எங்கள் பக்கம் ஒரு மனிதனைப் பாராட்டிவிட்டால் அவன் தொலைந்தான். அதற்கப்புறம் அவன் தும்மினால்கூட வீரமாகத்தான் தும்மவேண்டும்.

அடுத்த வருடம்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வளைவில் ஒருநாள் லாரிக்கு வழிவிடப் பஸ்ஸைப் பின்னால் எடுத்தோம். நான் ஊதுவதை நிறுத்தினேன். பஸ் நிற்கவில்லை. பின்பக்கத் தகரத்தைக் கையால் ஓங்கி அடித்தேன், கத்தினேன். பள்ளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. வால்பாறை போய்ச் சேர்ந்தோம். டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, நான் விசில நிறுத்துனது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சா ஏன் நிக்கலீங்க?"

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆறி ஏடு படிந்துவிட்டது. "விசிலு நின்னது தெரிஞ்சும் கைகாலு ஓடலீங்க ரசாக்கு. அந்த எடம் வந்தா நெஞ்சு மேல ஆரோ அம்மிக்கல்லத் தூக்கி வெச்சாப்பல இருக்குது. வெரலு பத்தும் மரத்துப்போயிருது. வளைவு தாண்டுனா செரியாயிருது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லாம எப்படீங்ண்ணா? பஸ்சு நெறைய சனம் இருக்குது."

"பாத்துக்கலாங்க."

எனக்குத் தலைக்கேறியது. "என்னத்தப் பாக்கறது? பள்ளத்துல போயிப் பாக்கறதா? இந்த வாரத்துக்குள்ள நீங்க டாக்டரப் பாக்கலீன்னா, நானே மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடுவேன். அப்பறம் எம்மேல கோவிக்காதீங்க."

டாக்டருக்கு முன்னால் ஆடுதான் வந்தது. அவர் மனைவி மயிலாத்தாள் அக்கா காதில் விஷயம் விழுந்ததும், மலையில் ஏதோ பயந்த கோளாறு என்று முடிவு செய்து, கருப்பராயன் கோயிலில் கிடா வெட்டி ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். எனக்கு அந்தக் கறி ஆகாது என்று அக்கா தனியாக முட்டை பொரித்து வைத்திருந்தார். பூசாரி திருநீறு போட்டுக் கையில் கறுப்புக் கயிறு கட்டினார். மறுநாள் அந்த வளைவில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகளில் கயிறும் நடுங்கியது.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிற இதயம் ஏன் அடித்துக்கொள்கிறது என்று நான் சண்டைக்குப் போனேன். அந்த டாக்டர் பொறுமையாக, "இவருக்கு மருந்து பக்கத்துக் கட்டடத்துல இருக்குது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு.

"யோகாவா?" என்றேன். "உங்க தொப்பைக்குக் குனிஞ்சு கட்டைவெரலத் தொடறதுக்குள்ள நம்ம சர்வீசே முடிஞ்சுருமுங்ண்ணா." அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான்.

டாக்டர் மோகனப்பிரியா சின்ன வயதுதான், சத்தியமங்கலத்துப் பெண். குரல் மெது, கண் மட்டும் டிக்கெட் செக்கர் கண். மூட்டுவலிக்காரப் பெண்கள், சர்க்கரைக்காரர்கள் நடுவில் அண்ணனையும் படுக்கவைத்தார். சவாசனம். பிணம் மாதிரி கிடக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு டாக்டரா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் ஒவ்வொரு பாயாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அண்ணனின் கால்மாட்டில் நின்றுவிட்டார்.

"அண்ணா, எந்திரிக்காதீங்க. உங்க வலது கால மட்டும் கவனிங்க. அது என்ன பண்ணீட்டிருக்குது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். மற்ற எல்லோருடைய பாதமும் தளர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணனின் இடது பாதமும் அப்படித்தான். வலது பாதம் மட்டும் விறைத்து, விரல்கள் முன்னால் நீண்டு, இல்லாத எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. கெண்டைச் சதை வெடவெடவென்று நடுங்கியது.

"எதை மிதிச்சுட்டிருக்கீங்கண்ணா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பிரேக்குங்க."

"வண்டி எங்க நிக்குது?"

"வளைவுலங்க."

"சனமெல்லாம் எறங்கிட்டாங்களா?"

"ஒரு அம்மா பைய எடுக்க உள்ள போயிருக்குதுங்க."

அன்று சங்கிலி போட்டுக் கட்டி, பஸ்ஸை மேலே இழுத்து, பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது. இந்த மனிதன் மட்டும் இன்னும் காலை எடுக்கவில்லை. இத்தனை நாளும் எங்கள் எல்லோர் நடுவிலும் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டே டிக்கெட் பணத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசியிருக்கிறார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. சத்தம் வராமல் இருக்க வாயை மூடித் தம் கட்டினார்.

"தம் கட்டாதீங்க" என்றார் டாக்டர். "மூச்ச வெளிய உடுங்க. சத்தமா உட்டாலும் பரவால்லீங்க, இங்க ஆரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

அவர் விட்ட அந்த மூச்சுக்குப் பக்கத்துப் பாயில் கிடந்த பெண்மணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இதைச் சொன்னபோது மயிலாத்தாள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "தூக்கத்துல கட்டலோட கால்மாட்ட ஒதைச்சுட்டே இருப்பாருங்க. எம்மேல ஏதோ கோவம்னு நெனைச்சு நான் பாயப் போட்டுக் கீழ படுத்துக்கிட்டேன். இந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதுங்களா?"

முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டார். பயம் என்று சொல்லி லீவு கேட்க எந்த வீரனுக்கு வாய் வரும்? காலையில் கொப்பரை காயப்போடும் களத்தில் பாயை விரித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கை காலை நீட்டி மடக்கி, பிறகு உட்கார்ந்து மூச்சை எண்ணுவார். இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கவேண்டும், அதுதான் பாடம். வேறு மந்திரம் எதுவும் இல்லை. கிடந்து எழும்போது வலது பாதத்தைத் தானே கையால் தொட்டுப் பார்ப்பார். சில நாள் தளர்ந்து கிடக்கும், சில நாள் விறைத்திருக்கும். விறைத்த நாளில் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. யாரோ சொந்தக்காரர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், மனம் அடங்கினால் பயம் போகும் என்று அதில் ஒருவர் பேசினார். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். மூச்சை அடக்குவதா? அது அவர் அப்பன் சொல்லிக்கொடுத்த பாடமாயிற்றே! லீவு முடிந்து வந்த முதல் நாளே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது தம்மைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்து கருத்தது. நான் பார்த்துக் கத்துவதற்குள் கண் இருட்டி, பஸ் ஓரத்துச் சுவரை உரசுகிற மாதிரி போய் நின்றது. மிச்ச மலையை எப்படி ஏறினோம் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் டாக்டர் மோகனப்பிரியா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். "மூச்ச அடக்கற பயிற்சியெல்லாம் உங்களுக்கு இப்ப வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனில்லீங்களா? தம் கட்டறதுதான் உங்களுக்கு வியாதியே. வியாதிய எடுத்து மருந்துன்னு குடிப்பீங்களா? வண்டி ஓட்டறப்போ எந்தப் பயிற்சியும் பண்ணக்கூடாது. அது களத்துல, பாயில. பேசாம சமவெளி ரூட்டு கேட்டு வாங்குங்கண்ணா. மலை வேண்டாம்னு சொல்றது தப்பில்ல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அதெப்படீங்க டாக்டர். வளைவுக்கு எம்பேரையே வெச்சுப்போட்டாங்களே."

மறுபடியும் லீவு, மறுபடியும் பாய். ஆனால் இந்த முறை ஏதோ நடந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய அண்ணன்காரர் வந்து தோப்புக் கணக்கு எதையோ பேசிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் இவர் என்னிடம் ரகசியம் மாதிரி சொன்னார். "ரசாக்கு, 'பாத்துக்கலாங்க'ன்னு சொல்றதுக்கு முன்னால நான் ஒவ்வொருக்காவும் தம் கட்டறேனுங்க. இப்பத்தான் கண்டுபுடிச்சேன். அண்ணங்கிட்ட, மேனேஜர்கிட்ட, கண்ணாலத்துக்குப் பத்திரிகை வெக்க வாரவங்ககிட்டக்கூட. அம்பது வயசு ஆகப்போகுது, நான் மூச்சே உடலீங்க."

"இப்பவாவது உட்டீங்களே" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் வண்டியில் வீடு திரும்பும்போது அந்தப் பேச்சு என்னை என்னவோ செய்தது. அதை உதறிவிட்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டேன்.

டூட்டிக்குத் திரும்பினார். அந்த வளைவு வரும்போதெல்லாம் நான் முன்படியில் வந்து நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். நெற்றியில் வியர்க்கும், ஆனால் உதடு லேசாகத் திறந்திருக்கும். மூச்சு போகிறது, வருகிறது. வளைவு தாண்டியதும் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். இப்படியே புரட்டாசி போனது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மத்தியானம் வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பனி இறங்கி, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத நிலை. தம்பிதுரை வளைவைச் சுற்றி இறங்கியதும் அண்ணன் பிரேக் அடித்தார். எதிரே ரோடு இல்லை. பாறைப் பக்கத்திலிருந்து மண் சரிந்து மரத்தோடு ரோட்டில் விழுந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து கல் உருண்டு வந்து பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே தகரத்தில் மோதியது. இன்னொன்று. இங்கே நிற்கவும் முடியாது. பின்னால் எடுத்து, அதே வளைவைத் திரும்பிச் சுற்றி, மேலே ரோடு அகலமாக இருக்கிற இடத்துக்குப் போகவேண்டும். அப்படிப் போகும்போது பஸ்ஸின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத்தான் திரும்பும். அதே ஓரம். அதே மழை.

நான் அவரைப் பார்த்தேன். போய்விட்டார். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. வலது கால் பிரேக்கில் விறைத்து நின்றது.

"அண்ணா" என்றேன். பதில் இல்லை. தோளைத் தொட்டேன். பாறையைத் தொட்ட மாதிரி இருந்தது. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "என்னாச்சுங்க டிரைவரே, எடுங்க வண்டிய" என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு கல் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. இந்த மனிதன் பஸ்ஸை எடுத்தாலும் போவோம், எடுக்காவிட்டாலும் போவோம் என்று தோன்றியது. என்ன சொல்வதென்று தெரியாமல், டாக்டரின் வார்த்தைதான் வாயில் வந்தது.

"அண்ணா, வலது கால் என்ன பண்ணீட்டிருக்குதுங்க?"

அவர் உதடு திறந்தது. மூச்சு வெளியே வந்தது, உடைந்து உடைந்து. பிறகு இன்னொன்று, கொஞ்சம் நீளமாக. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். காலை மெதுவாக, மிக மெதுவாக, பெடலிலிருந்து எடுத்தார். பஸ் அசையவில்லை. நாலு சக்கரமும் தரையில் இருந்தன. அது அசையவில்லை என்பதை அவர் ஒரு கணம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து, சனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். "கை மரத்துப்போச்சு. உங்களையெல்லாம் உள்ள வெச்சுட்டு என்னால பின்னால எடுக்க முடியாதுங்க. எல்லாரும் எறங்கி வளைவு தாண்டி மேல போயி நின்னுக்கங்க."

முடியாது. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் கேட்டேன். முன்சீட்டில் ஒரு ஆள், "நீங்கதானுங்களே அன்னைக்கு வண்டியத் தாங்கிப் புடிச்சவரு? இந்த மழையில எறங்கச் சொன்னா?" என்று முணுமுணுத்தார். நான் அவர்மேல் பாய்வதற்குள் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எறங்குங்கய்யா. வாராவாரம் இந்த வளைவுல கண்ண மூடிக்கிட்டு ஜெபம் பண்றவ நான். பயம்னு சொல்ல எனக்கும் வாய் வரல. அந்தத் தம்பி சொல்லிருச்சு."

கிருபாவதி அம்மா. முக்காட்டை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் இறங்கினார்கள், குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. நான் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் போனபிறகும் அந்த அம்மா மட்டும் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே மழையில் நின்றார். கை வெறுமையாக இருந்தது.

"அம்மா, உங்க பை உள்ள இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

"இருக்கட்டும் தம்பி. இந்தத் தடவ பை வேண்டாம். நான் எறங்கிட்டேன், பாத்துக்குங்க. நான் கீழதான் நிக்கறேன்."

ஆஸ்பத்திரி ஜன்னலில் நான் கேட்டது அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். அவர் அந்த அம்மாவை இமைக்காமல் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு சீட்டில் உட்கார்ந்தார். "ரசாக்கு, பின்னால போங்க" என்றார்.

போனேன். ஓரத்தில் நின்றேன். காலுக்குக் கீழே ரோடு ஈரமாகப் பளபளத்தது. என் பின்னால் பனி, அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. விசிலை வாயில் வைத்தேன்.

ஊத வரவில்லை.

விசில் பல்லுக்கு நடுவில் இருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது, காற்று மட்டும் வெளியே வரவில்லை. நெஞ்சு பாறையாகிவிட்டது. இந்தத் தார் கெட்டியா? அன்றும் கெட்டியாகத்தான் இருந்தது. காலால் மிதித்துப் பார்த்துத்தானே ஊதினேன்? என் விசிலைக் கேட்டுத்தானே அந்தச் சக்கரம் அந்தரத்துக்குப் போனது? அன்றிலிருந்து நான் ஜோக் அடித்தேன், சண்டை போட்டேன், அடுத்தவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் எட்டிப் பார்க்கவில்லை. முன்னால் கல் விழும் சத்தம் கேட்டது. பஸ் நிற்கிறது. விசில் இல்லாமல் அது நகராது, அதுதான் எங்கள் சட்டம். நகராவிட்டால் அடுத்த சரிவு அண்ணன்மேல் விழும். கண்ணில் நீர் முட்டியது. ஊது, ஊது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வரவில்லை.

டிரைவர் ஜன்னலிலிருந்து அவர் தலை வெளியே நீண்டது. மழையில் நனைந்துகொண்டு என்னைப் பார்த்தார். ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ரசாக்கு!" என்று கத்தினார். "தம் கட்டாதீங்க! மூச்ச உடுங்க!"

விட்டேன்.

மலை முழுக்கக் கேட்டிருக்கும் அந்த விசில். விடாமல் ஊதினேன், மூச்சு தீர்ந்ததும் இழுத்து மறுபடியும் ஊதினேன். பஸ் பின்னால் வந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. பின் சக்கரம் ஓரத்துக்கு வந்ததும் நிறுத்தினேன், அந்தக் கணமே பஸ் நின்றது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். மறுபடியும் ஊதினேன். அப்படி ஊதி ஊதி, நின்று நின்று, வளைவைச் சுற்றி மேலே அகலமான இடத்துக்குக் கொண்டுவந்தோம். இன்ஜின் அணைந்தபோது, எங்களுக்குக் கீழே, பஸ் நின்றிருந்த இடத்தில் பாதி மலை வந்து விழுகிற சத்தம் கேட்டது. பெண்கள் அழுதார்கள். அண்ணன் இறங்கி வந்து ஈர ரோட்டிலேயே உட்கார்ந்தார். வலது காலை முன்னால் நீட்டிப் போட்டிருந்தார். பாதம் தளர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மழை அதன்மேல் பெய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் பொன்னாடை கொண்டுவரவில்லை. பயந்த டிரைவருக்கு யார் பொன்னாடை போர்த்துவார்கள்? டிப்போவில் சிலர் கிண்டல் செய்தார்கள். ஒருவர் வளைவுக்குப் பெயர் மாற்றவேண்டும் என்றார். அண்ணன் மேனேஜர் முன்னால் போய் நின்று, "மலை என்னால முடியாதுங்க, கீழ ரூட்டு குடுங்க" என்றார். வாசலில் நின்று நான் கேட்டேன். சொல்வதற்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே பிடிக்கவில்லை. இப்போது கோயமுத்தூர் பஸ் ஓட்டுகிறார். நேர் ரோடு. மயிலாத்தாள் அக்கா மறுபடியும் கட்டிலுக்கு வந்துவிட்டாராம், அண்ணனே வெட்கமில்லாமல் சொன்னார்.

நான் மலையில்தான் இருக்கிறேன், வேறு டிரைவரோடு. ஒரு ஓய்வு நாளில் அண்ணன் போன் செய்து, "ஆஸ்பத்திரிக்குப் போறேன், வாரீங்களா" என்றார். துணைக்குப் போனேன். வழக்கம்போல ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். டாக்டர் மோகனப்பிரியா என்னைப் பார்த்துவிட்டார்.

"நீங்க ஏனுங்க எப்பவும் வெளியவே நிக்கறீங்க?"

"சும்மாதானுங்க டாக்டர். அண்ணனுக்குத் துணைக்கு வந்தேன். எனக்கு ஒண்ணுமில்லீங்க."

அண்ணன் பாயை உதறிக்கொண்டிருந்தார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

"இல்லீங்க டாக்டர். அவருக்கும் பயமுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. செருப்பைக் கழற்றி அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.